அந்துப்பூச்சி வந்த வழி

முதல் பூச்சியை உள்ளங்கையால் அடித்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது அது குசினிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். பாதி சாம்பல், பாதி செம்புப் பொடி பூசினமாதிரி சிறகு. கையில் ஒட்டியதைத் துடைத்துவிட்டு அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடியிருப்பு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் நுவரெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். ஆசிரியை என்றதும் பங்களா என்று நினைத்துவிட வேண்டாம். லயத்துக் காம்பராதான். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்று. முன்பாதியில் நாங்கள் படுக்கிறோம், பின்பாதியில் சமைக்கிறோம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசை முழுக்கத் தும்மும்.

கொஞ்ச நாளில் பூச்சிகள் கூட்டமாக வந்தன. கோதுமை மாத் தகரப் பேணியைத் திறந்தால் இரண்டு பறக்கும். பருப்பை அள்ளினால் மணிமணியாக நூலில் கோத்ததுபோல ஒட்டிக்கொண்டு வரும். அந்துப்பூச்சி என்று அப்போதுதான் புரிந்தது. குளிருக்குப் பூச்சி பெருகாது என்பார்கள். எங்கள் அடுப்புச் சூடு அதற்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் இடைவேளையில் மகள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். சாப்பாட்டுப் பெட்டி மூடியபடி கையில். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அம்மா, ரொட்டியில புழு."

அவள் மெல்லத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறது. அன்றிலிருந்து இவளுக்குப் பெயர் புழு ரொட்டி. டீச்சர் மகள் என்பதால் அதில் அவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த கணித ஆசிரியை நல்ல மனுசி. என் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாகச் சொன்னார்.

"யோசியாதேங்கோ டீச்சர். எல்லாத்தையும் எடுத்து ரெண்டு நாள் நல்ல வெயிலிலை காயவிடுங்கோ. ஒண்டும் மிஞ்சாது."

நான் ஜன்னலைக் கையால் காட்டினேன். மைதானத்தின் அந்தப் பக்கத்துக் கோல்கம்பம்கூடத் தெரியாத பனிமூட்டம். சித்திரை முடிந்ததிலிருந்து துவைத்த துணியே அடுப்புக்கு மேலேதான் காய்கிறது.

"எந்த வெயில்ல டீச்சர்?"

என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. அவர் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையைத் தன் மேசைக்கே இழுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யாரிடமாவது கத்த வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குசினியைக் காலி செய்தேன். பேணிகள், போத்தல்கள், பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன. ரவை முழுக்கக் கட்டி. சத்துமா பைக்கற்றைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாக நெளிந்தது. செத்தல் மிளகாய்க்குள்ளேகூட ஒன்று குடியிருந்தது. அந்தக் காரத்தில் எதைத் தின்று வாழ்ந்ததோ! அரிசியைச் சுளகில் போட்டுப் புடைத்துப் புடைத்துத் தோள் விட்டுப்போனது. வறுக்க முடிந்ததை வறுத்தேன். மாவையும் ரவையையும் கடலையையும் தேயிலை மலையோரம் குழிவெட்டிக் கொட்டினேன். சாப்பாட்டுச் சாமானை மண்ணில் கொட்டுவதென்பது எங்கள் பக்கத்தில் யாரும் லேசாகச் செய்கிற காரியமில்லை. விலைவாசி ஏறின காலத்தில் மாவுக்கு வரிசையில் நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆத்திரத்தோடுதான் கொட்டினேன்.

கணவர் இஸ்தோப்பில், அதுதான் எங்கள் முன்திண்டு, உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூச்சிதானே, விடு. நாலு நாள்ல தானா போயிரும்."

"தானா போகுமா? தானாவா வந்துச்சு? ஒங்க புள்ளைய பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு தெரியுமா?"

"எங்கிட்ட ஏன் கத்துற? நானா கொண்டாந்து விட்டேன்?"

"நீங்க கொண்டாரல. ஒரு பேணியத் தூக்கிக் குடுத்தீங்களா? அதச் சொல்லுங்க."

எழுந்து வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். என்றாலும் அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, இடுக்குகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, பேணி மூடிகளின் வளையத்துக்குள் ஈர்க்குச்சி விட்டுக் கிளறினார். அங்கேயெல்லாம் கூடு கட்டியிருந்தது சனியன். சாயந்தரம் குசினி ஆஸ்பத்திரிமாதிரி மணந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மாதம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டன. இறுக்கி மூடிய பேணிகளில் ஒன்றுமில்லை, சுவரில் மட்டும் உட்கார்ந்திருந்தன. திரும்பவும் கழுவினேன். திரும்பவும் வந்தன. கூட்டுகிற தும்புத்தடியோடு குசினியில் நின்று சுவரை அடித்துக்கொண்டிருப்பேன். பூச்சியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லப் பழகினேன். மகள் பாய்ந்து வந்து, "அம்மா, ஆளுங்களுக்குக் கேக்கும்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் லயத்துக் கோடியில் பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சடங்கு வைத்தார்கள். சடங்கு வீட்டுக்கு ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நான் புதிதாக ரவை வாங்கி, கையோடு கேசரி கிண்டி, ஆறுவதற்கு முன்னாலேயே மூடி எடுத்துப் போனேன். எல்லாத் தட்டுகளும் காலியாகின. என் தட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பந்தி முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்மணி அதை அப்படியே என் கையில் திருப்பித் தந்தார். "எல்லாருக்கும் வயிறு நெறஞ்சிருச்சு டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றார். பார்வை மட்டும் என் முகத்துக்கு வரவில்லை.

காரணத்தை இடப்பக்கத்துக் காம்பரா அக்கா சொன்னார். கொழுந்து பறிக்கப் போகிறவர். மனதில் உள்ளதை மனதிலேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர் வீட்டுலேருந்துதான் லயம் பூரா பூச்சி வருதுன்னு பேசிக்கிறாங்க. காலைல போயிட்டுச் சாயங்காலம் வர்றவங்க, குசினிய எங்க பாக்கப்போறாங்கன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாருந்தான்."

"நீங்களுமா?"

அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "எங்க வீட்டுலயும் அரிசியில வந்துருச்சே. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் காது சூடாகிப்போனது. காலையில் மலைக்குப் போய்ச் சாயந்தரம் வருகிற இந்தப் பெண்கள் எல்லோரையும்போலத்தான் நானும் வேலைக்குப் போய் வருகிறேன். வெள்ளைச் சேலை கட்டிப் போனால் மட்டும் குசினி நாறுமா? வீட்டுக்கு வந்து குடத்தைத் தடாலென்று வைத்தேன். இனி அடிப்பதில் பிரயோசனமில்லை, எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சமைக்கவே இல்லை. முக்காலியைப் போட்டுக் குசினி நடுவில் உட்கார்ந்து சுவரையே பார்த்தேன். வெகுநேரத்துக்குப் பிறகு வலப்பக்கச் சுவரின் உச்சியில் ஒரு புழு தெரிந்தது. நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் அலுமாரியிலிருந்து மேலே போகவில்லை, மேலேயிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கின.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். நாங்கள் அதில் மட்டையும் பொலித்தீனும் திணித்து அடைத்திருந்தோம். அந்தப் பொலித்தீன் முழுக்க வெள்ளை நூல் படர்ந்திருந்தது.

வலப்பக்கத்துக் காம்பராவில் ஆளில்லை. சென்ற ஆண்டு இறுதிப் பெருமழையில் எங்களுக்கு மேலேயிருந்த மண்மேடு சரிந்து மேல் லயத்தையும் பாதையையும் மூடியது. தோட்டத்துச் சனமெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் கிடந்தோம். மழை விட்ட கையோடு, நாங்கள் மண்டபத்திலிருந்து திரும்புமுன்பே, பக்கத்து வீட்டுப் புருசனும் பெண்சாதியும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். தகரம் ஒழுகினால் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைவர் என்றால் தொழிலாளிகளுக்காகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுகிறவர். பேச வேண்டியவர்.

கணவர் மேசைமேல் முக்காலியை ஏற்றி, அதன்மேல் ஏறினார். பொலித்தீனைப் பிய்த்துவிட்டு ஃபோன் வெளிச்சத்தை அந்தப் பக்கம் அடித்தார்.

"என்னங்க தெரியுது?"

"மூட்டை."

"என்ன மூட்டை?"

"நீயே ஏறிப் பாரு."

ஏறினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். மக்கிய மாவின் கசப்பு வாடை முகத்தில் அடித்தது. காம்பரா நிறைய, கட்டில்மேல், அலுமாரிமேல், கூரை விட்டம்வரைக்கும் பைகள். பச்சை எழுத்துப் போட்ட அந்தப் பைகளை எனக்கு நன்றாகத் தெரியும். மழையில் நாங்கள் மண்டபத்தில் கிடந்தபோது லொறியில் வந்த நிவாரணப் பைகள். அரிசி, மா, பருப்பு, பால்மா, சத்துமா. வெளிச்சம் பட்டதும் பூச்சிகள் ஒரே மொத்தமாக எழும்பின.

பைகளுக்காக அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் பை கிடைத்தது. மற்றவர்கள் நகராமல் நின்றார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர் சொன்னா கேப்பாங்க, சாமான் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க" என்றார். நான் நம்பினேன். மேடையேறிச் சொன்னேன். வரிசையில் அப்போது முன்னால் நின்றது இடப்பக்கத்து அக்கா. அவருடைய மகள் கைக்குழந்தையோடு பக்கத்தில் இருந்தாள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

என் வாயால் சொல்ல வைத்துவிட்டு, மிச்சத்தை என் வீட்டுச் சுவருக்குப் பின்னாலேயே அடுக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குக் கண் மங்கிவிட்டது. அவரை அவன் என்று மனதுக்குள் சொன்னது அதுதான் முதல்தடவை. மேசையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. நேரே இடப்பக்கத்து வாசலுக்குப் போனேன்.

"அக்கா, வாங்க."

"என்ன டீச்சர், அரிசி வடிக்கிறேன்."

"எறக்கி வெச்சுட்டு வாங்க. பூச்சி எங்கேருந்து வருதுன்னு காட்டுறேன்."

அக்காவும் முக்காலியில் ஏறினார். கணவர் கீழே பிடித்துக்கொண்டார். மேலே நின்றபடியே அக்கா கேட்டார்: "இது மழக்கி வந்ததா?"

"ஆமா."

"பால்மாவும் இருக்கு."

"இருக்குக்கா."

அக்கா இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் நின்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அரைநாள் சம்பளத்துக்கு மலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் கொழுந்துப் பையைக்கூட இறக்காமல் அப்படியே வந்துவிட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் சனம் சேர்ந்துவிட்டது. யாரோ ஃபோன் போட்டுச் சொல்லத் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எப்போதும்போல வெள்ளைச் சட்டை. நேரே என்னிடம்தான் வந்தார்.

"என்ன டீச்சர் இது? படிச்சவங்க நீங்க. இப்பிடி ஆளுகளச் சேக்கலாமா?"

"கதவத் தொறங்க."

"அடுத்தவங்க வீடு டீச்சர். அவங்க இல்லாம எப்பிடித் தொறக்கிறது?"

"மூட்டைய அடுக்கும்போது மட்டும் எப்பிடித் தொறந்தீங்க?"

அவர் குரலை இறக்கினார். "ஒங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன். திருவிழாவுக்கு எல்லாருக்கும் சமமாக் குடுக்கலாம்னு..."

"எந்தத் திருவிழாவுக்கு?" அக்கா முன்னால் வந்தார். "எம் பேரப்புள்ள சீனித்தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு அந்த மண்டபத்துல. நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? சாமிக்கா எடுத்து வெச்சீங்க? எலெக்சனுக்கு எடுத்து வெச்சீங்க."

"வாய அடக்கிப் பேசு."

"தொறக்கிறீங்களா, ஒடைக்கட்டுமா?"

அக்காவின் புருசன் அலவாங்குக் கம்பியோடு வந்து நின்றார். வாயே திறக்காத மனுசன் அவர். அலவாங்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு தலைவரையே பார்த்தார். தலைவர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். சாவி அவரிடமேதான் இருந்திருக்கிறது.

கதவு திறந்ததும் முன்னால் நின்றவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். பைகளை ஒவ்வொன்றாக வாசலில் இழுத்துப் போட்டோம். மாப் பைகள் கையில் பிய்ந்து கொட்டின. பருப்பு உளுத்துத் தூளாகியிருந்தது. பால்மாப் பைக்கற்றுகள் உடையாமல் இருந்தன, ஆனால் காலாவதியாகிவிட்டன. அக்கா ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலைவரின் காலடியில் போட்டார். எறியவில்லை, போட்டார். அந்தச் சந்தடியில் தலைவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சில பெண்கள் உட்கார்ந்து பைகளைப் பிரித்து, பார்வைக்கு ஓரளவு நல்லதாக இருந்த அரிசியைச் சேலை முந்தானையில் அள்ளத் தொடங்கினார்கள். நான் கத்தினேன்.

"எடுக்காதீங்க! இதையா புள்ளைகளுக்குக் குடுக்கப்போறீங்க? கொட்டுங்க கீழ!"

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். மேல் லயம் மூடியபோது வீட்டைப் பறிகொடுத்தவள், இன்னும் சொந்தக்காரர் காம்பராவில் ஒண்டிக்கொண்டிருக்கிறவள்.

"ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் டீச்சர். பொடைச்சுக் கழுவி ஆக்குனா இது சோறுதான்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவள்மேல் இல்லை. நல்ல அரிசியைப் புழுவுக்குப் போட்டுவிட்டு அவளை இப்படிக் குந்தி அள்ள வைத்தவன் வெள்ளைச் சட்டை கசங்காமல் போய்விட்டானே என்றுதான். வீட்டுக்குள் போய் என் சுளகை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை ஆண்கள் குழிவெட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

கிராம சேவகரிடம் சொன்னோம். வந்து காலிக் காம்பராவையும் சாம்பலையும் பார்த்தார். மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சிங்களத்தில் சொன்னார். இன்றுவரை மேலிடத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. தலைவர் இன்னும் தலைவர்தான். லயத்தில் நாலைந்து வீட்டார் என்னோடு பேசுவதில்லை. நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்கிறார்களாம். காட்டிக்கொடுத்தது நானா? அடுத்த வருசம் அவர்களும்தானே அந்த வரிசையில் நிற்கப்போகிறார்கள்!

அக்கா மன்னிப்பென்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு காலையில் என் மகளைக் கூப்பிட்டு, வாழையிலையில் சுருட்டி இரண்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்பினார். "இதப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் முன்னால தொறந்து சாப்புடு" என்றாராம்.

பூச்சி உடனே ஒழிந்துவிடவில்லை. சாவி தலைவரோடே போய்விட்டதால் பூட்டாமல் கிடந்த அந்தக் காம்பராவைப் பெண்கள் சேர்ந்து கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். கணவர் பலகை வாங்கிவந்து நடுச்சுவருக்கு மேலேயிருந்த திறப்பைக் கூரைவரை அடைத்தார். நானும் அவரும் அதற்குள் இன்னும் இரண்டு சண்டை போட்டோம். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். அந்தப் பெண் பையைக்கூட இறக்காமல் சுண்ணாம்பு மணக்கும் தன் வீட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"எங் கட்டில்லயா அடுக்கி வெச்சிருந்தாங்க?"

"ஆமா."

"நான் அங்கே அடுத்தவங்க வீட்டு அலுமாரியத் தொடச்சுக்கிட்டு இருக்கேன். இங்கே எங் கட்டில்ல இதா?"

பையை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனாள். தலைவரின் வீடு கோயிலுக்குக் கீழே. அவள் அங்கே போட்ட சத்தம் எங்கள் இஸ்தோப்புவரை கேட்டது. நான் தடுக்கப் போகவில்லை. கணவர் எழுந்தார், அவரையும் உட்காரச் சொன்னேன். அவள் திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, கந்தப்பளையில் பூட்டுக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டாள். கணவர் ஆட்டோவை எடுத்தார்.